கண்காணி யாரைப் பார்க்கிறான்?

“சிஸ்டம் எடுக்கவில்லை.”

தமிழ்நாட்டில் இன்றைக்கு அதிகமாகப் பேசப்படும் வசனம் எது என்று ஒரு போட்டி வைத்தால், சினிமாக்காரர்கள் யாரும் பரிசு வாங்க மாட்டார்கள். இந்த இரண்டு வார்த்தைதான் வாங்கும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் இதற்குப் பல வேஷங்கள் உண்டு. ‘சர்வர் இல்லை’, ‘ஆன்லைனில் வரவில்லை’, ‘ரேகை விழவில்லை’, ‘லிஸ்டில் உங்க பேர் காட்டவில்லை’. வேஷம் எதுவானாலும் அர்த்தம் ஒன்றுதான்: இன்று போய் நாளை வா. அந்தக் காலத்துத் தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகனும் இதையேதான் சொன்னான். ஆனால் அவனிடத்தில் ‘ஏன் ஐயா?’ என்று கேட்க முடிந்தது. அவனுக்கு ஒரு முகம் இருந்தது. முகம் இருந்ததால் பொய் சொன்னால் அதில் தெரிந்தது; நாலணா காட்டினால் அது இளகவும் செய்தது. இப்போது முகமும் இல்லை, இளகுவதும் இல்லை. கேள்வி கேட்டால், கேட்டவனையே பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

‘நீர் கதை எழுதுகிறவர், உமக்கு ஏன் இந்தக் கம்ப்யூட்டர் விவகாரம்?’ என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. என் கதையில் ஒரு பாத்திரம் காரணமில்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டால் இவர்கள்தான் முதலில் கடிதம் போடுகிறவர்கள்: ‘ஐந்தாவது அத்தியாயத்தில் கதாநாயகி ஏன் ஊரை விட்டுப் போனாள்? நம்பும்படியாக இல்லையே!’ காகிதத்தில் பிறந்த பொய் மனுஷியிடம் காரணம் கேட்கிறவர்கள், ஒரு வீட்டு அரிசியை நிறுத்திவிட்ட புரோகிராமிடம் மட்டும் ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்கள்?

‘அது யந்திரம், அதைப் போய் யார் கேட்பது?’ என்பார்கள். இந்தப் பதிலைத்தான் நான் உடைக்க விரும்புகிறேன். புரோகிராமைக் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லும். ஆனால் ஒரு நிபந்தனை. நடந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அதை முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும். பழக்காமல் விட்டால் அது வெறும் ஊமை.

விஷயம் பெரிய மந்திரம் அல்ல. ரேஷன் கடையில் இருக்கும் சிறு யந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு எண்ணைப் படிக்க வேண்டியது. ரேகையை வாங்க வேண்டியது. அதை ஆதாரின் கணக்குக்கு அனுப்ப வேண்டியது. ‘ஆள் இவர்தான்’ என்றோ ‘இல்லை’ என்றோ வருகிற பதிலுக்குக் காத்திருக்க வேண்டியது. இருப்பைப் பார்க்க வேண்டியது. ரசீது அடிக்க வேண்டியது. ஒன்றன்பின் ஒன்றாக இப்படிக் கட்டளைகள். ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில், ‘இந்த இடத்துக்கு வந்தேன், மணி இத்தனை, இந்தப் பதில் கிடைத்தது’ என்று குறித்துவைக்கும்படி இன்னொரு சிறு கட்டளையையும் எஞ்சினீயர் சேர்த்துவிடலாம். சாலையில் மைல்கல் நடுவதைப் போல. இதைத்தான் அவர்கள் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று வாய் நிறையச் சொல்லுகிறார்கள். அப்படி எழுதப்படும் குறிப்புக்கு லாக் என்று பெயர். ஒரே ஆளின் விண்ணப்பம் எந்தெந்த யந்திரத்தில் புகுந்து, எங்கே எத்தனை நேரம் நின்று, எதில் முட்டிக்கொண்டு திரும்பியது என்று காலடி பார்த்துப் போவதற்கு டிரேஸ் என்று பெயர். எத்தனை தடவை என்று எண்ணுவது, எத்தனை நேரம் என்று அளப்பது, எந்த வழி என்று குறிப்பது: மொத்த வித்தையும் இந்த மூன்றில் அடக்கம்.

இது நேற்று வந்த நாகரிகமும் அல்ல. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் 1949-ல் ஓட ஆரம்பித்தது. ஓட ஆரம்பித்தவுடனேயே அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸுக்கு ஒரு ஞானோதயம் உண்டாயிற்றாம்: தன் மிச்ச ஆயுளில் பெரும்பங்கு, தான் எழுதும் புரோகிராம்களில் இருக்கும் தப்புகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்று. அவருடைய கூட்டாளி ஸ்டான்லி கில் 1951-ல் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். எட்சாக்கில் தப்புகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அதன் விஷயம். ஒரு புரோகிராம் ஓடும்போதே அது நடந்த வழியை அதையே அச்சடிக்கச் செய்யலாம் என்று அதில் காட்டினார். கம்ப்யூட்டர் பிறந்த இரண்டாவது வருஷமே அதை நம்பக் கூடாது, சோதிக்க வேண்டும் என்று அதைப் பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் எழுபது வருஷம் கழித்தும் தெரியவில்லை.

1971-ல் டொனால்ட் க்னூத் இன்னொரு வேடிக்கையைச் சொன்னார். பல பேர் எழுதிய ஃபோர்ட்ரான் புரோகிராம்களுக்குள் எண்ணும் குறிகளை வைத்து ஓட்டிப் பார்த்தார். பொதுவாக, புரோகிராமின் நூற்றில் நாலு பங்குக்கும் குறைவான பகுதியே, அது ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது என்று கண்டார். அந்த நாலு பங்கு எது என்று எழுதியவனை ஊகிக்கச் சொன்னால் பெரும்பாலும் தவறாகத்தான் சொல்லுவான். எழுதினவனுக்கே தன் எழுத்தின் நடத்தை தெரியாது. இது எங்கள் ஜாதிக்கும் பொருந்தும் என்பதால் நான் மேலே விஸ்தரிக்கவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

ஜயங்கொண்டத்துக்குக் கிழக்கே முந்திரி விளையும் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே ரேஷன் கடையில் ஒரு கிழவி நிற்கிறாள். முந்திரிக்கொட்டை உடைத்துக் காலம் தள்ளுகிறவள். அந்த ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் இருக்கிறதே, அது பட்ட இடம் புண்ணாகும், தோல் உரியும். வருஷக்கணக்காக உடைத்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்?

“ரேகை விழல ஆயா, கையைத் தொடச்சிட்டு வையி.”

“எத்தினி வாட்டிப்பா தொடைக்கிறது? தோலே போயிடுச்சு.”

கடைக்காரர் கெட்டவர் அல்ல. கடைசியில் வேறு வழி பார்த்து அரிசி கொடுத்தனுப்பினார். நான் அவரிடம் கேட்டேன்: “இந்த அம்மாவுக்கு இன்றைக்கு எத்தனை தடவை விழவில்லை, ஏன் விழவில்லை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?”

“அதெல்லாம் உள்ளே போயிடும் சார். நமக்குத் தெரியாது.”

உள்ளே போய்விடும்! எந்த உள்ளே? யாருடைய உள்ளே? ஆதார் அமைப்பு திருப்பி அனுப்பும் பதில்களில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு எண் உண்டு. 300 என்றால் ரேகை பொருந்தவில்லை என்று அர்த்தம். டவர் கிடைக்காமல் பாதியில் அறுந்துபோவது வேறு சங்கதி. அதற்கு இந்த எண் வராது. ஒன்றுக்கு மருந்து ரேகைக்குப் பதிலாகக் கண்ணைப் பார்க்கும் கருவி. மற்றதற்கு மருந்து டெலிபோன் கம்பம். இரண்டு வியாதிக்கும் கடையில் சொல்லப்படும் பெயர் ‘சர்வர் இல்லை’. ஜுரம் என்று வந்தவனுக்கும் எலும்பு முறிந்து வந்தவனுக்கும் ஒரே கஷாயத்தை ஊற்றுகிற வைத்தியனை ஊரில் வைத்திருப்போமா? அந்தத் தோல்விக் குறிப்புகளை ஊர்வாரியாக, மாதவாரியாகக் கூட்டிப் பார்த்தால், முந்திரி உடைக்கிற கிராமங்களில் 300 அதிகமா, பெரம்பலூரில் சின்ன வெங்காயம் அறுவடையாகும் மாதத்தில் அதிகமா, இல்லை எங்கும் ஒரே மாதிரியா என்று ஒரு பகல் பொழுதில் தெரிந்துவிடும். கிழவியைக் கேட்கவே வேண்டாம். யந்திரத்தைக் கேட்டால் போதும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஆனால் கிழவியைப் பார்ப்பதற்கு மட்டும் ஆள் இருந்தது, யந்திரமும் இருந்தது.

நூறு நாள் வேலையில் 2021 மே மாதம் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு ஆப் வந்தது. அந்தப் பெயரிலேயே கண்காணிப்பு இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களிலும் அது கட்டாயம் ஆயிற்று. வேலை செய்கிறவர்களை நாளைக்கு இரண்டு தடவை, இடமும் நேரமும் பதியும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஏரிக்குள் சிக்னல் இல்லாவிட்டால்? படம் ஏறாவிட்டால்? மண் சுமந்தது கூடை அறியும், முதுகு அறியும், கணக்கு அறியாது. இதை எதிர்த்து 2023-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளிகள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? 2025 ஜூலையில் மத்திய மந்திரிசபை இலாகாவே ஒரு சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன. படத்தையே மறுபடி படமெடுத்து அனுப்புகிறார்கள். ஆகவே பஞ்சாயத்து மட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் மனிதர்கள் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்று! ஏழை வெயிலில் நின்றதுதான் மிச்சம். திருடன் திருடிக்கொண்டுதான் இருந்தான்.

நான் கேட்பது இது ஒன்றுதான். அந்த ஆப், தொழிலாளியைப் பற்றி நாளைக்கு இரண்டு குறிப்பு எழுதியது. தன்னைப் பற்றி என்ன எழுதிக்கொண்டது? எத்தனை படம் ஏறாமல் நின்றது, எந்த ஊரில், எந்த மணியில், அதனால் எத்தனை பேர் கூலி போயிற்று என்ற கணக்கை ஆண்டிமடத்திலோ வேப்பந்தட்டையிலோ எந்தப் பஞ்சாயத்து நோட்டீஸ் பலகையிலும் நான் பார்த்ததில்லை. 2025 டிசம்பரில் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. நூறு நாள் நூற்றிருபத்தைந்து ஆகும் என்கிறார்கள், சந்தோஷம். அதிலும் ரேகை, இருப்பிடம் காட்டும் கருவி, செயற்கை அறிவு என்று பார்க்கும் கண்கள்தான் பெருகியிருக்கின்றன. எல்லாக் கண்ணும் ஒரே திசையில்.

கண்காணி என்ற வார்த்தை நமக்குப் புதிது அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் ஜனங்களைத் திரட்டிக்கொண்டு போனவன் பெயர் கண்காணி. அந்தக் காலத்துத் திருச்சி ஜில்லாவிலிருந்து, அதாவது இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் அதற்குள்ளேதான் இருந்தன, ஏராளமான குடும்பங்கள் அப்படிப் போயின. வெள்ளைக்காரனே அந்தத் தமிழ் வார்த்தையைத் தன் பாஷையில் சேர்த்துக்கொண்டான். அந்தக் கண்காணி யாரைப் பார்த்தான்? கொழுந்து பறிக்கிறவளைப் பார்த்தான். துரையின் கணக்கு நோட்டை அவன் திறந்து பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் அதே வார்த்தைக்கு இன்னொரு வம்சாவளி இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஸ்ரீகாரியக் கண்காணி வருகிறான். கோயில் காரியங்களும் கணக்கும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க வேண்டியவன். அதாவது அதிகாரமும் பொக்கிஷமும் இருக்கிற இடத்தைப் பார்த்த கண்காணி. அரியலூர் மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைப் பேசாமல் எங்கே பேசுவது? கங்கைகொண்ட சோழபுரம் அங்கேதானே இருக்கிறது. அந்த ராஜாக்கள் ஒரு நிலத்தை இறையிலி ஆக்கினால், ராஜா வாயால் சொன்னதைக் கேட்டு எழுதியவன் யார், திருமந்திர ஓலை எழுதினவன் யார், அதைச் சரி என்று ஒப்பினவன் யார், புரவுவரித் திணைக்களத்தில் யார் யார் இருந்தார்கள், வரிப்பொத்தகத்தில் எந்த நாள் ஏறியது என்று பெயர் பெயராகச் செப்பேட்டில் வெட்டிவைத்தார்கள். படிக்கிறவனுக்குக் கொட்டாவி வரும்; புலவர்கள் மெய்க்கீர்த்தியோடு நிறுத்திக்கொள்ளுவார்கள். ஆனால் ஒரு ஆணை புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேர்ந்த இடம் வரை யார் யார் கையில் நின்றது என்பது ஆயிரம் வருஷம் கழித்து நமக்குத் தெரிகிறது. டிரேஸ் என்றால் இதுதான். நேற்று மத்தியானம் ஒரு பென்ஷன் விண்ணப்பம் எங்கே நின்றது என்று இன்று காலையில் நமக்குத் தெரியவில்லை! சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம்கூடத் தன் கதையைச் சொல்லுகிறது. சுமார் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது என்பதற்கு அது சாட்சி. நம்முடைய சர்க்கார் புரோகிராம்கள் அந்தக் கட்டையைவிட அழுத்தக்காரர்கள்.

இதெல்லாம் வெறும் அரிசி, கூலி விஷயம் என்று அலட்சியமாக நினைப்பவர்களுக்கு, மருதையாற்றை ஞாபகப்படுத்த வேண்டும். பச்சைமலையில் பிறந்து இரண்டு மாவட்டத்திலும் ஓடுகிற சின்ன ஆறு. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அதில் வெள்ளம். அரியலூரைத் தாண்டி வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தோடு சரிந்தது. என்ஜினும் பல பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின; நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த வருஷமே மகபூப்நகரில் ஒரு விபத்துக்காக ராஜினாமாக் கொடுத்து, நேரு அதை ஏற்காமல் இருந்த லால்பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார்; இந்தத் தடவை ஏற்கப்பட்டது. 1957 தேர்தல் மேடைகளில் அரியலூர் என்ற பெயர் அடிபட்ட அளவுக்கு வேறெந்த ஊரும் தமிழ்நாட்டில் அடிபட்டிருக்காது. (அரியலூர் கடைசியாகத் தனி மாவட்டமாக நிலைத்தது 2007 நவம்பர் 23. தற்செயலாக இருக்கலாம், எனக்கு அந்தத் தேதி உறுத்துகிறது.) சாஸ்திரியின் பெருந்தன்மையைப் பற்றி நாம் பள்ளிக்கூடப் புத்தகம் வரை எழுதிவிட்டோம். அந்த இருட்டில், பாலத்தின் அடியில் தண்ணீர் எவ்வளவு ஏறிவிட்டது, மண் எவ்வளவு அரித்துவிட்டது என்று ரயிலுக்கு முன்னால் சொல்ல எதுவும் இல்லையே என்பதைப் பற்றி எவ்வளவு எழுதினோம்?

அறுபத்தேழு வருஷம் கழித்து, 2023 ஜூன் 2. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒரிஸாவில் பாலசோர் பக்கம் பஹானகா பஜார் ஸ்டேஷனில் பக்கவாட்டுத் தண்டவாளத்துக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. எதிர்த்திசையில் போன இன்னொரு ரயிலும் அதில் சிக்கியது. இறந்தவர்கள் 290-க்கு மேல். அன்று இரவே என்ன பேசினோம்? டிரைவர் தூங்கியிருப்பான், சிக்னலை மீறியிருப்பான், சதியாக இருக்கும் என்று வாய்க்கு வந்தபடி பேசினோம். ஆனால் இப்போது ஸ்டேஷன்களில் டேட்டா லாகர் என்று ஒரு கருவி இருக்கிறது. சிக்னல் எப்போது பச்சையாயிற்று, எப்போது சிவப்பாயிற்று என்று ஒவ்வொரு மாறுதலையும் அது நொடி தவறாமல் குறித்துக்கொள்ளுகிறது. அது சொல்லியது: டிரைவருக்குப் பச்சை காட்டப்பட்டது. அவர் பேரில் பழி நிற்கவில்லை. ஒரு தொழிலாளியின் மானத்தை ஒரு லாக் காப்பாற்றியது. இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்லுகிறேன். யந்திரத்தைக் கண்காணித்தால் மனிதன் தப்புகிறான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எதிர்வாதம் செய்கிறவர்கள் சொல்லுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பச்சை காட்டியது சரி, தண்டவாளத்தின் திறப்பு பக்கவாட்டு வழிக்கு அல்லவா இருந்தது? ஆமாம். லெவல் கிராசிங் வேலைக்காக வயர்களை மாற்றியதில் பிசகு நடந்துவிட்டது. அதனால் திறப்பு நேர்வழியில் இருப்பதாகவே யந்திரம் நம்பியது. நம்பியபடி பச்சை போட்டது. லாக் என்பது யந்திரம் நம்பியதன் வாக்குமூலம். உலகத்தில் நடந்ததன் வாக்குமூலம் அல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மனிதன் வேண்டும். 2022 மே 16-ல் அதே கரக்பூர் டிவிஷனில் இன்னொரு ஸ்டேஷனிலும் தவறான வயரிங்கால் ஒரு சம்பவம் நடந்தது. அதைப் பார்த்து அப்போதே திருத்தியிருந்தால் இந்த விபத்து நடந்திராது என்று ரயில்வே பாதுகாப்புக் கமிஷனரின் அறிக்கையே சொல்லிற்று. குறிப்பு எழுதுவது பாதி வேலை. படிப்பது மறுபாதி.

படிக்கக் கூடாது என்று ஒளித்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்துத் தபால் இலாகா ஒரு பாடம். 1999 முதல் அங்கே ஹொரைஸன் என்ற கணக்குப் புரோகிராம் வந்தது. புஜிட்ஸு கம்பெனியின் தயாரிப்பு. கிளைத் தபாலாபீஸ் நடத்துகிறவர்களின் கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டியது. பணம் குறையவில்லை, புரோகிராம்தான் பிசகியது. ஆனால் தொள்ளாயிரம் பேருக்கு மேல் திருடர்கள் என்று தீர்ப்புப் பெற்றார்கள். அவர்களில் நம் நாட்டு வம்சாவளிக்காரர்களும் உண்டு. ஒரு பெண் 2010-ல் கர்ப்பிணியாக இருக்கும்போது சிறைக்குப் போனாள். தீர்ப்பு ரத்தாக 2021 ஆயிற்று. இதில் மகா கொடுமை எது தெரியுமா? இன்னின்ன பிசகுகள் வருகின்றன என்று கம்பெனியிடமே ஒரு குறிப்பு இருந்தது. தூரத்திலிருந்தபடியே கிளைக்காரரின் கணக்கில் கைவைக்கவும் அவர்களால் முடிந்தது. கோர்ட்டில் நின்றவனுக்கு அது காட்டப்படவில்லை. 2019-ல் ஒரு நீதிபதி உண்மையை உடைத்தார். 2024-ல் பார்லிமெண்டே சட்டம் போட்டுத் தீர்ப்புகளைக் கூண்டோடு ரத்துச் செய்தது. அதற்குள் எத்தனையோ பேர் வீடு வாசலை இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்றால் குற்றவாளியே காட்ட வேண்டும் என்பது அந்த நாட்டுக் கோர்ட்டுகளின் வழக்கமாக இருந்தது. குறிப்பேடு எதிராளியின் பெட்டியில்; நிரூபிக்கும் பாரம் ஏழையின் தலையில்.

நமக்கு இதெல்லாம் வராது என்று யாரும் மார்தட்ட வேண்டாம். பக்கத்துத் தெலுங்கானாவில் கம்ப்யூட்டர் அலசலின் பேரில் கார்டுகள் ரத்தாகி, சுமார் 19 லட்சம் கார்டுகளை வீடு வீடாகப் போய் மறுபடி விசாரிக்கும்படி 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது.

சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் எஞ்சினீயர் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் சிரித்தார். “அண்ணா, எங்கள் வேலையே இதுதான். கடை ஆப்பில் ஒரு பெண் புடவையைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால், எந்தப் பக்கத்தில், எத்தனையாவது நொடியில், எதனால் போனாள் என்று எங்களிடம் கணக்கு இருக்கிறது” என்றார். பார்த்தீர்களா! புடவை வாங்காமல் போனவளின் காலடியை இத்தனை ஜாக்கிரதையாக எண்ணத் தெரிந்த நாட்டில்தான், அரிசி வாங்க முடியாமல் போனவளின் காலடி ‘உள்ளே’ போய்விடுகிறது. வித்தை இல்லாமல் இல்லை. யாருக்காக என்பதில்தான் எல்லாம்.

பிறகு அவர் நியாயமான சில ஆட்சேபங்களையும் சொன்னார். கட்டளைக்குக் கட்டளை குறிப்பெழுதினால் புரோகிராம் மந்தமாகும். வட்டிக்கணக்கைப் போலக் குறிப்புகள் பெருகிச் சேமிக்க இடமில்லாமல் போகும். சில பிசகுகள், குறிப்பெழுதும் கட்டளையைச் சேர்த்தவுடன் ஒளிந்துகொள்ளும். எடுத்தால் மறுபடி வரும். ஹைசன்பர்க் என்ற விஞ்ஞானியின் பெயரைத் திரித்து அதற்கு ஹைசன்பக் என்று கேலிப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். எல்லாம் உண்மை. அதற்காகத்தான் ஆயிரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்கும் மாதிரி முறை இருக்கிறது. ஓடுகிற புரோகிராமுக்குள் வேண்டியபோது மட்டும் குறி வைத்து வேண்டாதபோது எடுத்துவிடும் டிடிரேஸ் போன்ற கருவி 2005-லேயே சோலாரிஸோடு வந்துவிட்டது. என்னைக் கேட்டால் ‘கொடுத்தேன்’ என்பதை ஆயிரத்தில் ஒன்று குறித்தால் போதும். ‘கொடுக்கவில்லை’ என்பதில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

அவருடைய இன்னொரு ஆட்சேபம் இன்னும் கனமானது. குறிப்பேடே அபாயம், அதில் ஜனங்களின் ரகசியம் சிந்தும். 2018-ல் ட்விட்டர் கம்பெனியின் உள்குறிப்பு ஒன்றில் பாஸ்வேர்டுகள் அப்படியே பதிவாகியிருந்தது தெரிந்து, 33 கோடிப் பேரை மாற்றிக்கொள்ளும்படி சொல்ல நேர்ந்தது. இதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்ளுகிறேன். ஆகவே கிழவியின் ரேகையை எழுதாதே. அவள் முகத்தை எழுதாதே. எந்தப் படியில் நின்றது, எந்த எண் வந்தது, மணி என்ன, இதை எழுது. நான் கேட்பது யந்திரத்தின் ஜாதகம். அவளுடைய ஜாதகம் அல்ல. வேடிக்கை என்னவென்றால், ஜனங்களின் ரகசியத்தைப் பற்றிய இந்தக் கவலை, கிழவியை ஏரிக்கரையில் நிறுத்தி நாளைக்கு இரண்டு படம் எடுத்தபோது யாருக்கும் வரவில்லை. யந்திரத்தின் குறிப்பைக் காட்டு என்றால் மட்டும் வருகிறது.

‘இதை ஜனங்களிடம் காட்டினால் அவர்களுக்கு என்ன புரியும்?’ என்பது கடைசி ஆயுதம். நூறு நாள் வேலைச் சட்டத்தின் பதினேழாவது பிரிவு, கிராம சபையே கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. வவுச்சரும் மஸ்டர் ரோலும் புரியாது என்று அன்றைக்கும் சொன்னார்கள். உரக்கப் படித்துக் காட்டியவுடன், செத்துப்போனவன் பேரில் கூலி எழுதியிருப்பது எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குத்தான் முதலில் புரிந்தது. ‘உங்கள் ஊரில் சென்ற மாதம் 212 தடவை ரேகை பொருந்தவில்லை; அதில் பாதி ஒன்பது பேருடையது’ என்று ஒருவன் உரக்கப் படித்தால் (எண்கள் உதாரணத்துக்கு), அந்த ஒன்பது பேர் யார், அவர்கள் கை என்ன வேலை செய்கிறது என்று சபையே சொல்லிவிடும். எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாத காரணத்தை அது சொல்லும்.

ஆகவே நான் கேட்பது அதிகம் இல்லை. கடையிலோ ஆபீஸிலோ இல்லை என்று சொல்லும்போதெல்லாம் ஒரு சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ரசீது உண்டு. மறுத்ததற்கு ஏன் ரசீது இல்லை? நாள், மணி, எந்தப் படி, எந்த எண், எத்தனையாவது முயற்சி, இவ்வளவுதான் அதில் வேண்டும். ஊருக்கு ஊர், மாதா மாதம், எந்த எண் எத்தனை தடவை வந்தது என்ற கூட்டல், பெயரில்லாமல், நோட்டீஸ் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டி ஒருவன் மனுப் போட்டால், அவனுடைய விஷயத்தில் புரோகிராம் நடந்த வழி முழுவதையும் அவன் கையில் கொடுக்க வேண்டும். கம்பெனியின் ரகசியம் என்று பூட்டக் கூடாது.

இதற்கு டெல்லியின் உத்தரவு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் மாகாணத்தில் வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேலே சொன்ன மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு பேனாவும் நாலு பேரும் போதும். ஒரு நகல் கலெக்டருக்கு, ஒரு நகல் உணவு இலாகாவுக்கு. அடுத்து எந்தத் தேதி வருகிறதோ அதில் அரியலூரில் ஒரு கிராமமும் பெரம்பலூரில் ஒரு கிராமமும் ஆரம்பிக்கட்டும். தீர்மானத்தின் வாசகம் எழுதித்தர ஆள் இல்லை என்றால் இந்தப் பத்திரிகையின் விலாசத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். நான் எழுதி அனுப்புகிறேன்.